பார்டோக்களும் மொரேனோக்களும்: ஸ்பானியப் பேரரசின் ஆப்பிரிக்க ஊர்ப்படைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்போது ஸ்பெயின் ஆண்ட ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில் 1738-இல் ஒரு சிறிய மண்கோட்டை எழுந்தது. அதைக் காத்தவர்கள் ஆங்கிலேயரின் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஆப்பிரிக்கர்கள். அவர்களுடைய கேப்டனும் ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர்தான். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கேள்விகள் வரிசையாக வரும். அடிமைகளை விற்ற அரசே அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்ததா? அவர்கள் ஏன் அந்த அரசுக்காகச் சண்டை போட்டார்கள்? அப்படி வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அடிமை முறை நடப்பில் இருந்த நாட்டில் கறுப்பின மக்களுக்கு ஆயுதம் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். ஓரிரு ஊரில் மட்டுமல்ல. ஹவானா, வெராக்ரூஸ், கார்தஹேனா, பனாமா, லிமா, கராகஸ், சான் ஹுவான், புவெனோஸ் ஐரெஸ் என்று அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பெயின் ஆண்ட பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் இந்தப் படைகள் இருந்தன. வினோதம் என்னவென்றால், கறுப்பின மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அதே அரசு திரும்பத் திரும்பச் சட்டமும் போட்டது. படையில் பெயர் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு.

காரணம் எளிது. ஆள் இல்லை. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சிப்பாய்களில் பலரை மஞ்சள் காய்ச்சல் முதல் மழைக்காலத்திலேயே கொண்டுபோய்விடும். கரீபியன் கடலிலோ கடற்கொள்ளையர்களுக்கும், ஆங்கிலேய, பிரெஞ்சு, டச்சுக் கப்பல்களுக்கும் ஓய்வே இல்லை. அந்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்து, அந்தக் காய்ச்சலைச் சிறு வயதிலேயே தாண்டியவர்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் இல்லாமல் ஊரைக் காக்க முடியாது என்பதை அரசு நன்றாகவே அறிந்திருந்தது. அது அரசுக்குத் தெரியும் என்பதை அந்த மக்களும் அறிந்திருந்தார்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

பார்டோ, மொரேனோ என்றால் என்ன?

இரண்டும் ஸ்பானியச் சொற்கள். கலப்பு வம்சத்தில் பிறந்தவரைப் பார்டோ என்றார்கள். முழுக்க ஆப்பிரிக்க வம்சத்தவரை மொரேனோ என்றார்கள். ‘நீக்ரோ’ என்ற சொல்லில் அடிமை வாடை அடித்ததால், விடுதலை பெற்றவர்கள் மொரேனோ என்ற பெயரையே விரும்பினார்கள். பெரிய ஊர்களில் இரு பிரிவினருக்கும் தனித்தனிப் படைகள், தனித்தனிச் சீருடைகள். இவர்கள் ஒன்றுசேர்ந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இது எப்போது தொடங்கியது?

படை என்ற அமைப்பு வருவதற்கு முன்பே ஆப்பிரிக்கர்கள் ஸ்பானியரோடு சேர்ந்து சண்டையிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த ஹுவான் காரிதோ 1520-களில், மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தெஸின் ஆட்களோடு அங்கே இருந்தார். அந்த மண்ணில் முதலில் கோதுமை விதைத்தவன் நான்தான் என்று பிற்காலத்தில் அரசருக்கு எழுதிய மனுவில் சொல்லியிருக்கிறார்.

பெயர்ப்பட்டியல், அதிகாரிகள் எல்லாம் வைத்த முறையான படைக்குழு ஒன்று 1600-இல் ஹவானாவில் உருவானது. ஃப்ளோரிடாவின் சான் அகுஸ்தின் ஊரில் (இன்று செயின்ட் அகஸ்டின்) 1683-இல் ஒன்று அமைந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இது எங்கும் சாதாரணமாகிவிட்டது.

படையில் இருந்தவர்கள் அடிமைகளா, விடுதலை பெற்றவர்களா?

பெரும்பாலும் விடுதலை பெற்றவர்கள். அதிலும் கைத்தொழில் தெரிந்தவர்கள்: தச்சர், கொத்தனார், தையல்காரர், செருப்புத் தைப்பவர். வாரநாட்களில் பட்டறை, குறிப்பிட்ட நாளில் கவாத்து, எதிரிக் கப்பல் தெரிந்தால் மதில். சண்டை இல்லாத காலத்தில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

அடிமைகள் கையில் ஆயுதம் கொடுத்தது பெரும்பாலும் நெருக்கடி நேரத்தில்தான். அப்போது, தைரியமாக நின்றால் விடுதலை என்ற வாக்குறுதியும் கூடவே வரும். சில சமயம் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

சம்பளம் இல்லையென்றால் எதற்குச் சேர்ந்தார்கள்?

இந்தக் கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. படை அவர்களுக்குக் கொடுத்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஃபுவேரோ என்ற நீதி உரிமை. படைவீரர் மேல் வழக்கு வந்தால் சாதாரண நீதிபதி விசாரிக்க முடியாது. படை நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதக்கூடிய ஊர் நீதிபதி முன் போய் நிற்காமல், “நான் ராஜாவின் சிப்பாய், என் வழக்கு அங்கே போகட்டும்” என்று ஒரு செருப்புத் தொழிலாளி சொல்ல முடிந்தது. வெள்ளையர்களுக்கு இது பொறுக்கவே இல்லை. ஊர்ச் சபைகள் இதை எதிர்த்து அரசருக்குப் புகார் எழுதிக்கொண்டே இருந்தன.

இரண்டாவது, தலைவரி விலக்கு. இன்றைய மெக்சிகோவை உள்ளடக்கிய நியூ ஸ்பெயினில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ‘த்ரிபூதோ’ என்ற தலைவரி கட்ட வேண்டியிருந்தது. காசு போவதைவிட அவமானம்தான் பெரிது. நீ தோற்கடிக்கப்பட்டவன், கீழ்ப்பட்டவன் என்று ஆண்டுதோறும் ரசீது போட்டுச் சொல்வது போன்றது அது. படைவீரர்கள் கூட்டாக மனு எழுதி, கடற்கரையைக் காக்கும் நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். பல ஊர்களில் விலக்கும் பெற்றார்கள். ஒரு மனு ஜெயித்த செய்தி அடுத்த ஊருக்குப் போகும், அங்கிருந்தும் ஒரு மனு கிளம்பும்.

மூன்றாவது, மரியாதை. சீருடை, கேப்டன் என்ற பட்டம், தேவாலய ஊர்வலத்தில் ஓர் இடம், இறந்தால் படை மரியாதையோடு அடக்கம். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே படையில் இருந்த குடும்பங்கள் ஹவானாவில் உண்டு. திருமணங்களும் அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே நடந்தன.

மோசே கோட்டையின் கதை என்ன?

1687-இல் ஆங்கிலேயரின் கரோலினாவிலிருந்து எட்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் படகில் தப்பி சான் அகுஸ்தின் வந்து சேர்ந்தார்கள். உரிமையாளர்களின் ஆள் வந்து திருப்பிக் கேட்டபோது ஸ்பானிய ஆளுநர் தர மறுத்தார். ஆண்கள் கோட்டை வேலையில் கூலிக்குச் சேர்க்கப்பட்டார்கள். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவ, அடுத்தடுத்த கூட்டங்கள் வந்தன. 1693-இல் அரசர் இரண்டாம் சார்லஸ், இப்படி வந்து கத்தோலிக்க மதத்தை ஏற்கும் ஆண், பெண் அனைவருக்கும் விடுதலை என்று ஆணையிட்டார். கருணை கொஞ்சம், எதிரியின் தோட்டங்களைக் காலி செய்யும் கணக்கு நிறைய.

ஆணை காகிதத்தில் இருந்தாலும், தப்பி வந்த பலரை சான் அகுஸ்தினிலேயே மறுபடி அடிமையாக விற்றார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ்கோ மெனெந்தெஸ், மேற்கு ஆப்பிரிக்காவின் மந்திங்கா இனத்தவர். 1715-இல் கரோலினாவில் யமாசி பழங்குடியினர் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடுத்தபோது அவர்களோடு சேர்ந்து சண்டையிட்டு, பிறகு ஃப்ளோரிடா வந்தவர். 1726-இல் கறுப்பினப் படையின் கேப்டன் ஆனார். ஆனால் சட்டப்படி அப்போதும் அவர் அடிமை. யோசித்துப் பாருங்கள்: ஊரைக் காக்கும் படைக்குத் தலைவர், ஆனால் தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லை.

அவர் மனு எழுதினார். பலமுறை எழுதினார். கடைசியில் 1738-இல் ஆளுநர் மனுவேல் தெ மோன்தியானோ, உரிமையாளர்களின் கூச்சலைப் பொருட்படுத்தாமல் அவரையும் அவரைப் போல் தப்பி வந்து அடிமையானவர்களையும் விடுவித்து, ஊருக்கு வடக்கே சுமார் இரண்டு மைலில் ‘கிராசியா ரெயால் தெ சாந்தா தெரேசா தெ மோசே’ என்ற குடியிருப்பை அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். ஏறக்குறைய நூறு பேர் குடியேறினார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென்று சட்டப்படி அமைந்த முதல் ஊர் இதுதான். ஆங்கிலேயர் வடக்கிலிருந்துதான் வருவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் அடி மோசேயின் மேல்தான் விழும். ஆளுநரும் அதைத் தெரிந்துதான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

1740-இல் அந்த அடி விழுந்தது. ஆங்கிலேயரின் ஜார்ஜியா குடியேற்றத்தின் தலைவர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் படையோடு வந்து சான் அகுஸ்தினை முற்றுகையிட்டார். மோசே மக்கள் சான் அகுஸ்தினுக்குள் ஒதுங்க, ஆங்கிலேயர் அவர்களுடைய கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூன் மாதம், விடியலுக்கு முன், ஸ்பானியச் சிப்பாய்களும் பழங்குடி வீரர்களும் மோசே படையினரும் சேர்ந்து தாக்கினார்கள். சொந்த வீட்டையே இருட்டில் தாக்கி மீட்பது எப்படி இருந்திருக்கும்! ஆங்கிலேயர் தரப்பில் எழுபது பேர் வரை இறந்தார்கள். அவர்களில் கர்னல் ஜான் பாமரும் ஒருவர். அதே பாமர் 1728-இல் சான் அகுஸ்தினைத் தாக்கியபோதும் இந்தக் கறுப்பினப் படை எதிரில் நின்றிருக்கிறது. முற்றுகை முறிந்தது. ஓகில்தோர்ப் திரும்பிப் போனார்.

மெனெந்தெஸ் அப்புறம் என்ன ஆனார்?

போரில் தன் சேவைக்கு வெகுமதி கேட்டு அரசருக்கே எழுதினார். பலன் இல்லை. கோட்டையும் இடிந்து கிடந்தது. பிழைப்புக்காக அரச அனுமதி பெற்று எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் கப்பலில் ஏறினார். 1741-இல் ஆங்கிலேயக் கப்பல் ஒன்று அவரைப் பிடித்தது. மோசே கேப்டன் என்று தெரிந்ததும் 200 கசையடி கொடுத்து, பஹாமாஸில் அடிமையாக விற்றார்கள்.

ஆனால் 1759-இல் மோசேயில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அவர் பெயர் மறுபடி இருக்கிறது, அங்கேயே தலைவராக. வாழ்க்கையில் எத்தனையாவது முறையாக மீண்டு வந்தாரோ! இந்த ஒரு மனிதரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

1762-இல் ஹவானாவில் நடந்தது என்ன?

ஏழாண்டுப் போரின்போது ஆங்கிலேயரின் பெரும் கடற்படை ஹவானாவை முற்றுகையிட்டது. மோரோ கோட்டையைக் காத்ததில் பார்டோ, மொரேனோ வீரர்களின் பங்கு பெரியது. விடுதலை வாக்குறுதியை நம்பி அடிமைகளும் கத்தியோடு எதிரி வரிசைக்குள் பாய்ந்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, ஆகஸ்டில் ஊர் விழுந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தகவல். அதே ஆண்டு ஸ்பெயின் இன்னொரு பெரிய ஊரையும் இழந்தது: மணிலா. அதைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை நம் சென்னையிலிருந்துதான் கப்பல் ஏறியது. இங்கே திரட்டிய சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். உலகின் இரு முனைகளில், பேரரசுகள் போட்ட சண்டையில் முன்வரிசையில் நின்றது யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

1763 ஒப்பந்தத்தில் ஹவானாவைத் திரும்பப் பெற ஸ்பெயின் ஃப்ளோரிடாவை ஆங்கிலேயரிடம் கொடுத்தது. மோசே மக்கள் இருபத்தைந்து ஆண்டாகக் காத்த மண் ஒரே கையெழுத்தில் போயிற்று. அவர்கள் கியூபாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மதான்சாஸ் பகுதியில் கொஞ்சம் நிலம் கொடுத்தார்கள். நல்ல நிலம் இல்லை. பலர் பிறகு ஹவானாவுக்கே போய்விட்டார்கள்.

படையிலாவது சமத்துவம் இருந்ததா?

இல்லை. 1763-க்குப் பிறகு அலெஹாந்த்ரோ ஓ’ரெய்லி ஹவானாவின் படைகளைத் திருத்தி அமைத்தார். பார்டோக்களுக்கு ஒரு பட்டாளம், மொரேனோக்களுக்கு ஒரு பட்டாளம், ஒழுங்கான பயிற்சி எல்லாம் வந்தது. கறுப்பின அதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே மேற்பார்வைக்கு வெள்ளை அதிகாரிகள் அமர்த்தப்பட்டார்கள். உண்மையான அதிகாரம் அங்கேதான் இருந்தது.

அமெரிக்க விடுதலைப் போரிலும் இவர்கள் இருந்தார்களா?

ஆம். லூயிசியானாவின் ஸ்பானிய ஆளுநர் பெர்னார்தோ தெ கால்வெஸ் 1779-இல் ஆங்கிலேயரைத் தாக்கப் புறப்பட்டபோது, நியூ ஓர்லியன்ஸின் பார்டோ, மொரேனோ வீரர்கள் சுமார் 80 பேர் உடன் போனார்கள். பேட்டன் ரூஜ், மொபீல், 1781-இல் பென்சகோலா எனத் தொடர்ந்த போர்களில் ஹவானாவின் கறுப்பினப் படைகளும் சேர்ந்தன. கால்வெஸ் இவர்களைப் புகழ்ந்து எழுதினார்.

தங்களைப் போன்றவர்களுக்கு எதிராகவே இவர்களைப் பயன்படுத்தினார்களா?

பயன்படுத்தினார்கள். இதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. தப்பியோடிய அடிமைகளைத் தேடவும், கிளர்ச்சிகளை அடக்கவும் இந்தப் படைகள் அனுப்பப்பட்டன. 1780-இல் பெருவில் தூபாக் அமாரு தலைமையில் பழங்குடி மக்கள் எழுந்தபோது, லிமாவிலிருந்து போன படையில் பார்டோ வீரர்களும் இருந்தார்கள். சிலர் சொந்தமாக அடிமைகளும் வைத்திருந்தார்கள்.

நான் இவர்களைத் துரோகிகள் என்று சொல்லமாட்டேன். கிடைத்த ஒரே ஏணியில் ஏறினார்கள். அந்த ஏணி யார் தோளில் நின்றது என்ற கேள்வி அவர்களில் சிலரையாவது உறுத்தியிருக்கும். எல்லா இடத்திலும் கதை ஒன்றுபோல் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். புவேர்த்தோ ரிக்கோவின் சான் மதேயோ தெ காங்க்ரேஹோஸ், அந்நியத் தீவுகளிலிருந்து தப்பி வந்த அடிமைகள் உருவாக்கிய ஊர். 1797-இல் ஆங்கிலேயர் சான் ஹுவானைத் தாக்கக் கரையிறங்கியது அந்த ஊர்ப் பக்கம்தான். அங்கத்து மக்கள் காத்தது சொந்த வீட்டை, சொந்த விடுதலையை.

ஹைத்தி புரட்சிக்கும் ஸ்பானியப் படைக்கும் என்ன தொடர்பு?

1793-இல் பிரான்சோடு போர் மூண்டதும், பிரெஞ்சுக் குடியேற்றமான சான் தொமாங்கில் (இன்றைய ஹைத்தி) எழுந்த கறுப்பினத் தலைவர்களை ஸ்பெயின் தன் பக்கம் இழுத்தது. ஜான் ஃபிரான்சுவா, ஜார்ஜ் பியாசூ, தூசான் லூவெர்த்யூர் மூவரும் ஸ்பானிய அரசரின் துணைப்படையில் இருந்தவர்கள். தூசான் 1794-இல் பிரெஞ்சுப் பக்கம் போனார். பியாசூவோ 1796-இல் சான் அகுஸ்தின் வந்து (ஃப்ளோரிடா அப்போது மறுபடி ஸ்பெயின் கையில்) அங்குள்ள கறுப்பினப் படைக்குத் தலைவரானார். 1801-இல் இறந்து அங்கேயே படை மரியாதையோடு அடக்கமானார்.

படையில் இருந்தவர்கள் எவராவது அரசை எதிர்த்தார்களா?

ஹொசே அந்தோனியோ அப்போன்தே. ஹவானாவின் விடுதலை பெற்ற மொரேனோ, தச்சர், படையில் இருந்து விலகியவர். அடிமை முறையை ஒழிக்க 1812-இல் கியூபாவில் நடந்த எழுச்சிக்கு இவர்தான் தலைவர் என்று அரசு முடிவு கட்டியது.

வீட்டைச் சோதித்தபோது ஒரு படப்புத்தகம் கிடைத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். எத்தியோப்பிய அரசர்கள், கறுப்பினத் துறவிகள், கறுப்பினப் படைவீரர்கள். அவர்களுக்கு நடுவே அவருடைய தாத்தா, கேப்டன் ஹோவாக்கின் அப்போன்தே, 1762-இல் ஆங்கிலேயரோடு மோதும் காட்சி. நீதிபதிகள் ஒவ்வொரு படமாகக் காட்டி இது என்ன, யார் சொல்லி வரைந்தாய் என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். 1812 ஏப்ரல் 9-இல் அவரைத் தூக்கிலிட்டு, தலையைக் கூண்டில் வைத்துத் தெருவில் காட்டினார்கள். புத்தகம் தொலைந்துவிட்டது. விசாரணையில் அவர் சொன்ன விளக்கம் மட்டும் ஆவணத்தில் இருக்கிறது. தாத்தாவின் வீரத்தைப் பேரன் வரைந்து வைத்தது, அந்தத் தாத்தா காத்த அரசுக்கே குற்றச் சாட்சியாகத் தெரிந்தது.

‘வெள்ளையராகக் காசு கட்டலாம்’ என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

ஓரளவு உண்மை. 1795-இல் வெளியான அரசக் கட்டணப் பட்டியலில், பார்டோ என்ற தகுதிக் குறைவிலிருந்து விலக்கு பெற 500 ரெயால் என்று இருந்தது. கராகஸின் பார்டோ படை அதிகாரி தியேகோ மெஹியாஸ் பெஹாரானோ அப்படியொரு விலக்கைப் பெற்றார். மகனைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போனார். பல்கலைக்கழகம் கதவைத் திறக்கவில்லை. ஊர்ச் சபையும் அரசருக்கு எதிர்ப்பு எழுதியது. அரசர் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு உள்ளூர்க்காரர்களின் வெறுப்பு வரைதான் நீண்டது.

இந்தப் படைகள் எப்படி முடிந்தன?

இடத்துக்கு இடம் வேறுபடும். நியூ ஸ்பெயினில் வைஸ்ராய் ரெவில்லாஹிஹேதோ 1790-களிலேயே பல படைகளைக் கலைத்தார். பிறகு 1812-இல், ஸ்பெயினின் காதிஸ் நகரில் எழுதிய அரசியலமைப்பு வந்தது. அதன் 22-ஆம் பிரிவு ஆப்பிரிக்க வம்சத்தவருக்குக் குடியுரிமையை மறுத்தது. தனிச் சிறப்பான சேவை செய்தவருக்கு மட்டும் சிறு வாசல் விட்டது. இருநூறு ஆண்டு சேவை செய்தவர்களிடம் இன்னும் சேவை காட்டு என்றார்கள். பலர் விடுதலைப் போர்களின் பக்கம் சாய்ந்ததில் வியப்பே இல்லை. கார்தஹேனாவில் அதற்கு முன்பே, 1811 நவம்பர் 11-இல், ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை கேட்டு வீதியில் இறங்கியவர்களில், பேத்ரோ ரோமேரோ தலைமையில் ஹெத்செமானி பகுதியின் பார்டோக்கள் முன்னே நின்றார்கள். மெக்சிகோவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான விசென்தே குவெர்ரேரோ விடுதலைப் போரில் தளபதியாகி, 1829-இல் குடியரசுத் தலைவராகி, அதே ஆண்டு அடிமை முறையை ஒழித்தார்.

கியூபா ஸ்பெயினிடமே இருந்தது. 1844-இல் ‘லா எஸ்கலேரா’ என்ற சதி நடந்ததாகச் சொல்லி அரசு கறுப்பின மக்கள் மேல் பாய்ந்தது; சித்திரவதை, தூக்கு, நாடுகடத்தல். பார்டோ, மொரேனோ படைகளும் அப்போது கலைக்கப்பட்டன. பத்தாண்டு கழித்து மறுபடி அமைத்தபோது பழைய பெருமை திரும்பவில்லை.

இன்று போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

செயின்ட் அகஸ்டினுக்கு வடக்கே மோசே இருந்த இடம் இப்போது பாதுகாக்கப்பட்ட பூங்கா. 1994-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். முதல் கோட்டை இருந்த இடத்தைச் சதுப்பு நீர் விழுங்கிவிட்டது. 1750-களில் மறுபடி கட்டிய இரண்டாவது கோட்டையின் இடத்தை 1980-களில் தோண்டினார்கள். பொத்தான்கள், புகைக்குழாய்த் துண்டுகள், துப்பாக்கிச் சிக்கிமுக்கிக் கல், ஜெபமாலை மணிகள் கிடைத்தன. அவற்றோடு, கையால் செய்த ஒரு சிறு உலோகப் பதக்கமும் கிடைத்தது. அதில் இருப்பவர் புனித கிறிஸ்தோபர், வழிப்பயணிகளின் காவலர். ஹவானா நகரத்தின் காவல் புனிதரும் அவரே. அதைச் செய்து கழுத்தில் அணிந்திருந்தவரின் பெயர் எதிலும் இல்லை.